அறுபதுக்கு மேல் ஸ்பீக்கர் வாங்கினால்

"காது மந்தமான பிறகு நல்ல ஸ்பீக்கர் எதற்கு?" என்று ஜனக்புரி நண்பர்கள் கேட்கிறார்கள். இப்போதுதான் தேவை.

முதுமையில் முதலில் குறைவது உச்ச அதிர்வெண்கள் கேட்கும் திறன். இளமையில் 20,000 ஹெர்ட்ஸ் வரை எட்டிய காது, நம் வயதில் பெரும்பாலோருக்கு அவ்வளவு உயரம் எட்டுவதில்லை. ஆகவே பெட்டியில் அச்சிட்ட 20,000-ஐப் பார்த்து மயங்க வேண்டாம். பாடுபவரின் ஸ்வரங்கள் ஏறக்குறைய 1,000-க்குள் அடங்கும். சாகித்யத்தில் க, த போன்ற எழுத்துக்கள் பிரிந்து கேட்க 2,000 முதல் 4,000 வரை சுத்தமாக ஒலிக்க வேண்டும். என் பழைய ஸ்பீக்கரில் ராகம் புரிந்தது, வார்த்தை நழுவியது. ஒலியைக் கூட்டினேன்; பேத்தி காதைப் பொத்திக்கொண்டாள்!

லஜ்பத்ராய் மார்க்கெட்டுக்குப் போனால், பழகிய பாட்டொன்றைக் குறைந்த ஒலியில் போடச் சொல்லி, வார்த்தை புரிகிறதா என்று கேளுங்கள். பேத்தியும் உடன் வரட்டும். நமக்கு எட்டாத கீச்சொலி அவளுக்கு எட்டும்.