தொலைக்காட்சி அஞ்சல் நிலையமும் சிறு கணிப்பொறியும்

இடுக்கி மாவட்டத்தில் ஏலத் தோட்டங்களுக்கு இடையே அமைந்த ஊர் சக்குபள்ளம். தொலைக்காட்சிப் படத்தைச் சுமந்து செல்லும் வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. ஆதலின் இத்தகைய ஊரில் அடுத்த குன்றே அவற்றிற்குச் சுவராகி விடுகிறது. குன்றின் உச்சியில் ஒரு நிலையத்தை நிறுவி, ஒரு புறத்திலிருந்து வரும் படத்தை ஏற்று, வேறோர் அலைவரிசையில் மறுபுறம் அனுப்பினால் இத்தடை நீங்கும். இதுவே தொலைக்காட்சி அஞ்சல் நிலையம். ரிபீட்டர் என்றும் கூறுவர். உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியார் பல நாடுகளில் இவற்றை நடத்தி வருகின்றனர்.

இதனால் பயன் யாது என வினவலாம். 2020 ஆகஸ்டு 6 இரவு, இதே மாவட்டத்தில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு நேர்ந்தது. மின்சாரமும் தொலைபேசியும் செயலற்றிருந்தமையால் மறுநாள் காலையிலேதான் செய்தி வெளியே எட்டியது. மாண்டவர் 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மலைச்சரிவில் காணும் விரிசலையும் ஆற்றின் மட்டத்தையும் சொல்லால் விளக்குவதினும் ஒரு படத்தால் விளக்குதல் எளிது. ஆயின் அத்தகைய இரவில் நிலையம் தவறாது இயங்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து எட்டக்கூடிய அமெச்சூர் தொலைக்காட்சி அஞ்சல் சாதனம் ஒன்று விண்ணிலேயே உள்ளது. 2018 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட எஸ்ஹெயில்-2 என்னும் துணைக்கோளில் அது அமைந்துள்ளது. அதனைப் பழுதுபார்க்க எவரும் ஏற இயலாது. குன்றின் மேலுள்ள நிலையமும் அடைமழைக் காலத்தில் ஏறக்குறைய அந்நிலையில்தான் உள்ளது.

எனவே நிலையத்தைக் காக்கும் பொறுப்பு ஒற்றைப் பலகைக் கணிப்பொறிக்கு அளிக்கப்படுகிறது. 2012 முதல் விற்பனையாகும் ராஸ்பெர்ரி பை இவ்வகையைச் சேர்ந்தது. படம் வருகின்றதா எனக் கவனித்தல், வந்தால் அனுப்பியை இயக்குதல், நிலையத்தின் அழைப்புக் குறியைத் திரையில் காட்டுதல், படம் நின்றதும் அனுப்பியை நிறுத்துதல் ஆகியவை அதன் கடமைகள். முதல் மூன்றில் பிழை நேரின் கேடு சிறிது. நான்காவதில் நேர்ந்தாலோ நிலையமே அழியும். அனுப்பி 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டம் கொள்வதாகவும், சேமக்கலம் 40 ஆம்பியர்-மணி உடையதாகவும் கொள்வோம். அனுப்பி நிற்காது இயங்கினால் எட்டு மணி நேரத்தில் சேமக்கலம் வறண்டு விடும். மேகம் மூடிய நாட்களில் சூரியத் தகடுகள் அதனை மீட்பதும் அரிது.

ஆகவே, கணிப்பொறி செயலற்றால் அனுப்பியும் தானே அணைய வேண்டும். மின்கம்பி இணைப்புகள் அனைத்தும் இவ்விதிக்கு அடங்கியவை.

ராஸ்பெர்ரி பை நான்காம் மாதிரியில் மின்சாரம் வந்தவுடன் 0 முதல் 8 வரை எண்ணிட்ட இணைப்பு முனைகள் உயர்நிலைக்கும், 9 முதல் 27 வரையுள்ளவை தாழ்நிலைக்கும் இழுக்கப்படுகின்றன. முதல் வகை முனையில் அனுப்பியின் விசையை நேரே இணைத்தால், நிரல் தொடங்கு முன்பே அனுப்பி இயங்கிவிடக்கூடும். ஆகையால் 17 ஆம் முனை போன்றதொன்றே தக்கது.

இது மட்டும் போதாது. முனை உயர்நிலையில் இருக்கும்போது நிரல் உறைந்துவிட்டால், அது அங்ஙனமே நிற்கும். இதற்குரிய பரிகாரம் பழையது. முனையை நிரலின் வாயிலாக விநாடிக்கு 100 முறை ஏற்றி இறக்கச் செய்க. அத்துடிப்பை 220 ஓம் மின்தடை, 10 மைக்ரோபாரட் மின்தேக்கி ஆகியவற்றின் வழியே செலுத்தி, இரு டையோடுகளால் திருத்தி, இரண்டாவதொரு மின்தேக்கியில் சேர்த்து, அம்மின்னழுத்தத்தால் ஒரு டிரான்சிஸ்டரையும் அதன் வழியே ரிலேயையும் இயக்குக. துடிப்பு நின்றால், முனை எந்நிலையில் நின்றாலும் முதல் மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைக் கடத்தாது, ரிலே விடுபடும். ஆங்கிலத்தில் இத்தகைய ஏற்பாட்டிற்குக் காவல்நாய் என்று பெயர். நாய் குரைக்கும் வரை காவல், குரைப்பு நின்றால் எச்சரிக்கை என்று கொள்க. துடிப்பை உண்டாக்கும் வேலையைத் தனிச் சுற்றுக்கு விட்டுவிடுதல் கூடாது. நிரல் உறைந்த பின்னும் அது துடித்துக்கொண்டே இருக்கும். அனுபவமுடையோரும் தவறும் இடம் இது. ரிலேச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு இடாவிடில், சுருள் அணையும்போது எழும் உயர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரை அழித்துவிடும்.

ஏற்பியிலிருந்து "படம் வருகிறது" எனும் குறிப்பைக் கொண்டுவருவதிலும் எச்சரிக்கை தேவை. கணிப்பொறியின் முனைகள் 3.3 வோல்ட்டிற்கு மேல் தாங்கா. 12 வோல்ட்டை 10,000, 3,300 ஓம் மின்தடைகளால் பிரித்தால் ஏறத்தாழ 3 வோல்ட் கிடைக்கும், கணக்கு சரியே. ஆனால் மின்னேற்றம் பெறும் சேமக்கலம் 14.4 வோல்ட் வரை உயரும்போது அதுவே 3.57 ஆகிவிடும். ஒளியிணைப்பான் ஒன்றை இடையிலிட்டு, இரு புறங்களையும் மின்னிணைப்பின்றிப் பிரித்து வைப்பதே நன்று. துலாவர்ஷக் காலத்து இடிமின்னல் மிகுந்த இம்மலைகளில் அதற்கு வேறொரு பயனும் உண்டு.

பள்ளிகளில் அனுப்பி இன்றியே இதனைச் செய்து காட்டலாம். ரிலேயின் தொடர்பில் சிறு விளக்கொன்றை இணைத்து, நிரல் ஓடும்போது அது ஒளிர்வதைக் காட்டுக. பின்னர் மாணவர் ஒருவரைக் கொண்டு நிரலை இடையில் நிறுத்தச் செய்க. முனை உயர்நிலையில் நின்றபோது ஒரு முறையும், தாழ்நிலையில் நின்றபோது ஒரு முறையும் சோதித்து, இரு வேளைகளிலும் விளக்கு அணைகின்றதா என மாணவரே குறித்துக்கொள்ளட்டும்.