வெயிலில் வேலை செய்யும் வெள்ளைப் பொடி

சாயக்கழிவு நீரைக் கரித்தூளில் வடிகட்டினால் நிறம் போய்விடும். ஆனால் சாயம் அழியாது. நீரை விட்டுக் கரியில் ஏறிக்கொள்ளும். ஆர்.ஓ. முறையிலும் ஒரு பக்கம் நல்ல தண்ணீர் வந்தால் மறுபக்கம் அடர்ந்த கழிவு சேரும். மாசை இடம் மாற்றாமல் மூலக்கூறு அளவிலேயே உடைத்துவிடும் வழியும் உண்டு. அதற்கு வெளிச்சமும் காற்றும் வேண்டும். கூடவே, பெயின்டில் வெண்மைக்காகச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பொடியும் வேண்டும். ஒளி பட்டதும் வேலை தொடங்குவதால் இதை ஒளிவினையூக்கி என்கிறோம்.

1967-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கெனிச்சி ஹோண்டாவின் மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையை நீரில் வைத்து ஒளியைப் பாய்ச்சினார். குமிழிகள் எழுந்தன. நீர் ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்திருந்தது. 1972-ல் இருவரும் இதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். 1977-ல் டெக்சாஸில் ஃபிராங்க், பார்ட் என்ற இருவர் இதே பொருளைக் கொண்டு நீரில் கலந்த சயனைடைச் சிதைத்துக் காட்டினார்கள். நீரைச் சுத்தப்படுத்தும் ஆராய்ச்சி அங்கிருந்து வளர்ந்தது.

பொடித் துகள்மேல் புற ஊதாக் கதிர் படும்போது உள்ளிருக்கும் எலெக்ட்ரான் ஒன்று ஆற்றல் பெற்று இடம்பெயர்கிறது. அது விட்டுச்சென்ற காலியிடத்துக்குத் துளை என்று பெயர். துகளை ஒட்டிய நீரிடமிருந்து துளை ஓர் எலெக்ட்ரானைப் பறிக்க, ஹைட்ராக்சில் ரேடிக்கல் பிறக்கிறது. இடம்பெயர்ந்த எலெக்ட்ரானை நீரில் கரைந்த ஆக்சிஜன் வாங்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் போதாவிட்டால் எலெக்ட்ரான் துளைக்கே திரும்பிவிடும், வெளிச்சம் வீணாகும். தொட்டிக்குள் காற்றை ஊதுவது இதற்காகத்தான்.

ஹைட்ராக்சில் ரேடிக்கலுக்கு ஓசோனைவிட வீரியம் அதிகம். ஆயுள் மிக மிகக் குறைவு. பிறந்த இடத்திலேயே அருகிலுள்ள கரிமப் பொருளைத் தாக்கும். போதிய நேரம் கொடுத்தால் சாயமும் பூச்சிமருந்தும் படிப்படியாகச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் சாதாரண உப்புகளாகவும் முடியும். பாதியில் நிறுத்தினால் இடைப்பொருள்கள் தங்கிவிடும். அவற்றில் சில மூலப்பொருளைவிட நச்சானவை. எனவே நிறம் போனதை மட்டும் பார்த்து நீர் சுத்தமாகிவிட்டதாக முடிவுகட்டக் கூடாது.

இந்தப் பொடி தீர்ந்துபோவதில்லை. ஆனால் அதை எழுப்பும் புற ஊதாக் கதிர் வெயிலில் சுமார் 5 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பயன்படுத்த, டைட்டானியம் டை ஆக்சைடில் நைட்ரஜன் சேர்த்தும், பிஸ்மத் வனடேட் போன்ற மாற்றுப் பொருள்களைக் கொண்டும் ஆய்வுகள் நடக்கின்றன. வேலை முடிந்தபின் நுண்ணிய பொடியை நீரிலிருந்து பிரிப்பதும் கடினம். கண்ணாடியில் பூசி ஒட்டவைத்தால் அந்தச் சிக்கல் தீரும். ஆனால் நீரைத் தொடும் பரப்பு குறைந்து வேகமும் குறையும்.

திருப்பூரின் சாயநீர்ப் பிரச்சினையை இது ஒன்றே தீர்த்துவிடாது. கரிய சாயநீருக்குள் ஒளி இறங்காது. மேலும், நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் சாயம் துணியில் ஏறுவதற்காகச் சேர்க்கும் உப்புக்கும் பெரும்பங்கு உண்டு. உப்பை ஒளிவினையூக்கியால் ஒன்றும் செய்ய முடியாது.

சுத்திகரிப்பில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று முடித்த பிறகும் தெளிந்த நீரில் சிறிதளவு மிஞ்சும் மருந்துகளையும் பூச்சிக்கொல்லிகளையும் அழிப்பதே இதற்கு ஏற்ற வேலை. ஸ்பெயினின் அல்மேரியாவிலுள்ள சூரிய ஆய்வு மையத்தில், வளைந்த கண்ணாடிகள் வெயிலைக் குழாய்களில் குவிக்க, அவற்றினுள் ஓடும் நீரில் இத்தகைய சோதனைகளைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் நம் ஊர்களும் சுத்திகரிப்பின் கடைசிப் படியாக இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.