அடிபம்பைக் கழற்றிய கைகள்

உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டம் வறண்ட பூமி. கோடையில் அடிபம்பு பழுதானால் குடத்தோடு அலைவது பெண்கள்தான். ஆனால் அதைச் சரிசெய்யும் வேலை ஆண்களுடையது என்றே இருந்தது.

1990-களின் தொடக்கத்தில் இது மாறியது. மகிளா சமாக்யா என்ற அரசுத் திட்டத்தின் மூலம் அங்குள்ள பெண்களுக்கு அடிபம்பு மெக்கானிக் பயிற்சி கொடுத்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தலித், கோல் சமூகப் பெண்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 'இவர்களால் முடியுமா?' என்ற சந்தேகம் ஊரிலும் இருந்தது, அலுவலகத்திலும் இருந்தது.

வேலை லேசானதல்ல. அடியில் வாஷர் தேய்ந்துவிட்டால், ஆழத்தில் இறங்கியிருக்கும் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். வாஷரை மாற்றி, மறுபடி பூட்டி இறக்க வேண்டும். அந்தப் பெண்கள் செய்தார்கள். தலித் கை பட்டால் தண்ணீர் தீட்டு என்று ஒதுக்கிய பகுதியில், தண்ணீர் வரவைக்க அதே கைகள் தேவைப்பட்டன. தொழில் கைவந்த பிறகு, கணக்கும் பதிவேடும் எழுத வேண்டும் என்று எழுத்தையும் அவர்களே கேட்டுக் கற்றார்கள்.

இங்கேதான் கேள்வி. ஆண் மெக்கானிக் சரிசெய்த பம்பு மறுவாரம் நின்றால் 'வாஷர் மட்டம்' என்போம். பெண் சரிசெய்தது நின்றால் 'பொம்பளை வேலை' என்போம். அவள் தலித் என்றால் சாதியையும் சேர்த்துக்கொள்வோம். அவன் தவறு பொருளின் மேல் போகிறது. அவள் தவறு பிறப்பின் மேல் விழுகிறது.

படித்தவர்கள் மத்தியில் இது மறைந்துவிடுகிறதா? இல்லை. 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆய்வகப் பணிக்கான ஒரே விண்ணப்பத்தை 127 அறிவியல் பேராசிரியர்களிடம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரில், மீதிப் பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்குச் சராசரியாக 30,238 டாலர் ஆண்டுச் சம்பளம் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. திறமையிலும் அவளுக்குக் குறைந்த மதிப்பெண். பெண் பேராசிரியர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள்.

நம் நாட்டில் சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகியோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வும் இதே வழியில் நடந்தது. சம தகுதியுள்ள விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்குக் கிடைத்த வாய்ப்பில், தலித் பெயருக்குச் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைத்தது.

ஒரு ஆய்வில் பெண் பெயர் தடை, இன்னொன்றில் சாதிப் பெயர் தடை. தலித் பெண் பொறியாளருக்கு இரண்டும் ஒரே வாசலில் நிற்கின்றன.

ஐடிஐ-யிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் தங்கைகளே, செய்முறை வகுப்பில் 'நீ ரெக்கார்டு நோட்டு எழுது, அவன் ஸ்பேனரைப் பிடிக்கட்டும்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்பேனரைக் கேட்டு வாங்குங்கள். தம்பிகளே, உங்களிடம் கேட்காத கேள்வியை அவளிடம் மட்டும் கேட்டால், அங்கேயே எழுந்து பேசுங்கள்.

பம்பு சரியானதா என்று பார்க்கத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தால் போதும். பூட்டியது யார் என்று பார்க்க வேண்டியதில்லை.