முழங்கால் தாங்கும் சுமை

ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்ற அச்சம் சென்னையில் ஆழ வேரூன்றியது. மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவிலும் தியாகராய நகர் நடேசன் பூங்காவிலும் காலை நடைக்கு வருவோர், முழங்காலில் அடிபட்ட ஒருவரைக் கண்டால் கூறும் முதல் அறிவுரை, ‘ஜவ்வு போய்விடும், ஓடாதீர்கள்’ என்பதே. அந்த அறிவுரையில் அன்பு மிகுதி, உண்மை பாதிதான்.

சென்னை அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. மா. சுப்பிரமணியன் 2004 இல் ஒரு சாலை விபத்தில் சிக்கி முழங்காலில் கடும் காயமுற்றார். கால்களுக்குக் கடுமையான உழைப்பு ஆகாது என்ற எச்சரிக்கையும் நீரிழிவு நோயும் அவருக்கு உடன் இருந்தன. 2006 முதல் 2011 வரை சென்னை மாநகர மேயராகவும், 2021 இல் பொறுப்பேற்று மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகவும் பணியாற்றிய அவர், விபத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்தார். ‘ஓடலாம் வாங்க’ என்று நூலும் எழுதினார். ஒருவர் ஓடினார் என்பதால் எல்லா முழங்கால்களும் ஓடலாம் என்று ஆகிவிடாது. ஆயினும் அடிபட்ட மூட்டு என்றென்றைக்கும் முடங்கவேண்டியதில்லை என்பதை அது காட்டுகிறது. எந்த மூட்டு, எவ்வளவு சுமையை, எத்தனை நாள் இடைவெளியில் தாங்கும் என்பதே உண்மையான கேள்வி. அதற்கு விடை மூட்டின் அமைப்பில் இருக்கிறது.

முழங்காலைக் கதவுக்கீல் என்றே பலரும் எண்ணுகின்றனர். கீலுக்கு அச்சு ஒன்றே. முழங்காலுக்கோ கால் மடங்க மடங்க அச்சு இடம்பெயர்கிறது. தொடை எலும்பின் உருண்ட முனைகள், கீழ்க்கால் எலும்பின் தட்டையான தலைமேல் உருளவும் செய்கின்றன, வழுக்கவும் செய்கின்றன. மூட்டின் நடுவில் குறுக்காகச் செல்லும் இரண்டு சிலுவைத் தசைநார்கள் இந்த இரட்டை அசைவை நெறிப்படுத்துகின்றன. அடையாற்றை ஒட்டிய சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில், சுசாதா சீனிவாசன் தலைமையிலான மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் 2022 இல் வெளியிட்ட ‘கதம்’ என்னும் செயற்கை முழங்கால் இவ்வுண்மையின்மேல் எழுந்தது. தொடைக்கு மேல் கால் இழந்தோருக்காக இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கிய முதல் பல்லச்சு முழங்கால் அது. ஓரச்சுக் கீலைப் பொருத்தினால் நடப்பவர் தடுமாறி விழும் வாய்ப்பு மிகுதி. அச்சு நகர்ந்தால் நடை உறுதிப்படுகிறது. இயற்கை நமக்கு இலவயமாகத் தந்திருப்பதை உலோகத்தில் வடிக்க எத்தனை அறிவுழைப்பு தேவைப்பட்டது என்று எண்ணும்போது, சொந்த முழங்காலின்மேல் ஒரு மதிப்பு பிறக்கிறது.

அம்மூட்டின்மேல் ஓட்டம் ஏற்றும் சுமை சிறிதன்று. மாரத்தானின் தொலைவு 42.195 கிலோமீட்டர். ஓரடிக்கு ஒரு மீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு காலும் இருபத்தோராயிரம் முறைக்குமேல் தரையில் ஊன்றும். ஒவ்வோர் ஊன்றலிலும் மூட்டுக்குள் எழும் உச்ச விசை, நடையில் உடல் எடையைப்போல் ஏறத்தாழ 2.7 மடங்கு, ஓட்டத்தில் ஏறத்தாழ 8 மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் முழங்கால் ஒரு கணத்துக்கு 480 கிலோ எடைக்கு ஈடான அழுத்தத்தைத் தாங்குகிறது. ஆனால் இக்கணக்கு இவ்வளவோடு முடிவதில்லை. அமெரிக்க ஆய்வாளர் ராஸ் மில்லரும் அவர் குழுவினரும் 2014 இல் வேறொரு வகையில் அளந்தனர். ஓடும்போது அடி நீளமாக விழுகிறது. கால் தரையில் நிற்கும் நேரமும் குறைவு. எனவே ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு மொத்தமாகச் சேரும் சுமையைக் கூட்டிப் பார்த்தால், நடைக்கும் ஓட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

சுமையைத் தாங்கும் குருத்தெலும்பு வியப்புக்குரிய பொருள். அதற்குள் குருதி நாளங்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் உயவுநீரிலிருந்தே அது உணவு பெறுகிறது. அழுந்தும்போது நீர் வெளியேறுகிறது, விடுபடும்போது உள்ளே புகுகிறது. ஈரத்துணியைப் பிழிவதும் நனைப்பதும் போன்ற இவ்வியக்கமே அதன் உயிர்ப்பு. ஓடி முடித்தவுடன் படமெடுத்தால் குருத்தெலும்பு சற்று மெலிந்திருக்கும். ஓய்வு கொடுத்தால் மீண்டும் பருத்துவிடும். சுமையே இல்லாத மூட்டுக்கு இந்த ஊட்டம் குறைகிறது. மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்துவது முழங்காலுக்குச் செய்யும் நன்மையன்று.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் நிகழ்த்திய அணுகுண்டு வெடிப்புகள் காற்றில் கதிரியக்கக் கரியைப் பரப்பின. அக்கரி எந்த ஆண்டில் எவ்வளவு இருந்தது என்பது தெரியுமாதலால், மனித உடலின் ஒரு திசு எப்போது உருவானது என்பதை அதைக்கொண்டு கணிக்க முடிகிறது. டென்மார்க்கு நாட்டு அறிவியலாளர் ஹைனமையரும் குழுவினரும் 2016 இல் இம்முறையால் முழங்கால் குருத்தெலும்பை ஆராய்ந்தனர். அதன் கொலாஜன் வலைப்பின்னல், வளர்ச்சி முடிந்தபின் ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று கண்டனர். அவ்வலைக்குள் நீரைப் பிடித்துவைக்கும் சர்க்கரைச் சேர்மங்கள் மாறிக்கொண்டே இருக்கும், வலை மாறாது. ஊட்டம் பெறும் உயிர்ப்பொருள், ஆனால் கிழிந்தால் மீண்டும் நெய்துகொள்ளாத பொருள்: இவ்விரு இயல்புகளையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பவரே முழங்கால் காயத்தோடு அறிவுடன் ஓட முடியும்.

ஓடுவோரின் மூட்டு மற்றவர் மூட்டைவிட விரைந்து தேய்கிறதா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 1984 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள், நடுவயது கடந்த 45 ஓட்டக்காரர்களையும் ஓடாத 53 பேரையும் தொடர்ந்து படமெடுத்துப் பார்த்தனர். முடிவில் ஓடியோரில் 20 விழுக்காட்டினருக்கும், ஓடாதோரில் 32 விழுக்காட்டினருக்கும் முழங்கால் தேய்வு காணப்பட்டது. இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. ஆனால் ஓட்டத்தால் தேய்வு கூடவில்லை என்பது தெளிவு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு பொழுதுபோக்காக ஓடுவோரிடம் 3.5 விழுக்காடு, ஓடாமல் அமர்ந்தே இருப்போரிடம் 10.2 விழுக்காடு, போட்டிக் களத்தில் தொழிலாக ஓடுவோரிடம் 13.3 விழுக்காடு. ஓட்டம் தீது என்போருக்கும், எவ்வளவு ஓடினாலும் நன்று என்போருக்கும் இந்த மூன்று எண்களில் விடை இருக்கிறது.

இலண்டன் ஆய்வொன்று இன்னும் நெருக்கமானது. முதன்முறையாக 2017 இலண்டன் மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்த நடுவயதினர் 82 பேரின் முழங்கால்களை, பயிற்சிக்கு முன்பும் ஓட்டத்துக்குப் பின்பும் லாரா ஹோர்கா குழுவினர் எம்.ஆர்.ஐ. படமெடுத்தனர்; அவர்களுள் 71 பேர் ஓடி முடித்தவர்கள். வலியே இல்லாத பலரின் மூட்டுகளிலும் முன்பே சிறு பழுதுகள் இருந்தன. பயிற்சிக்குப்பின், உடல் எடையைத் தாங்கும் முதன்மைப் பகுதியில் எலும்பின் பழுதுகள் குறைந்திருந்தன. முட்டிச்சில்லுக்குப் பின்னுள்ள குருத்திலோ பழுது சிறிது கூடியிருந்தது. ஒரே முழங்காலின் ஒரு பகுதி தேறியது, மற்றொரு பகுதி நலிந்தது. ஓடுவோரின் முழங்கால் வலியில் பெரும்பங்கு முட்டிச்சில்லின் பின்னாலிருந்தே எழுகிறது என்பதால், இம்முடிவைப் பயிற்சியாளர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும்.

குருத்தெலும்பில் நரம்பில்லை என்றால் வலிப்பது எது? அமெரிக்க எலும்பு மருத்துவர் ஸ்காட் டை, இதற்கு விடைகாணத் தம் உடலையே ஆய்வுப்பொருளாக்கினார். மூட்டின் உட்புறத்தை மரத்துப்போகச் செய்யாமலேயே, தம் முழங்காலுக்குள் கருவி செலுத்தி ஒவ்வோர் இடமாகத் தொடச் செய்து, எங்கே வலிக்கிறது என்று வரைபடமிட்டு 1998 இல் வெளியிட்டார். முட்டிச்சில்லின் குருத்தெலும்பைத் தொட்டபோது உணர்வே இல்லை. மூட்டின் உள்ளுறையையும், முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புத் திண்டையும் தொட்டபோது பொறுக்கவொண்ணா வலி. தன்னுடலை இவ்வாறு அறிவுக்கு ஈந்த துணிவை நான் பெரிதும் போற்றுகிறேன். படத்தில் பெரும்பழுது தெரிந்தும் வலியின்றி நடப்போரும், படம் தூய்மையாக இருந்தும் படியிறங்க இயலாதோரும் நம்மிடையே இருப்பதன் காரணம் இதனால் விளங்குகிறது. வலி என்பது தேய்மானத்தின் அளவுகோலன்று. உறையும் திண்டும் எலும்பும் தம் தாங்குதிறனைக் கடந்துவிட்டதன் அறிவிப்பு.

வலியைவிட வீக்கமே நம்பத்தகுந்த அடையாளம். நலமான முழங்காலுக்குள் சிறிது உப்புநீரைச் செலுத்திய 1984 ஆம் ஆண்டின் ஆய்வில், 20 முதல் 30 மில்லிலிட்டர் நீர் சேர்ந்ததுமே தொடையின் உட்புறத் தசை முடுக்கம் இழந்தது. ஒரு கரண்டியளவு நீர்! மூட்டு வீங்கினால் தண்டுவடத்தின் வழியே தொடைத்தசைக்குத் தடைக்கட்டளை செல்கிறது. தசை தளர்ந்தால் அது உறிஞ்சவேண்டிய அதிர்ச்சியை மூட்டே ஏற்கிறது. மூட்டு மேலும் வீங்குகிறது. வீங்கிய முழங்காலுடன் மனவுறுதியை நம்பி ஓடுவோரைத் தடுப்பது உறவினரின் கடமை. ஓடிய சில மணி நேரத்தில் மூட்டு புடைத்தாலோ, மடக்கிய கால் பூட்டிக்கொண்டு நீள மறுத்தாலோ, நடக்கையில் கால் திடீரென நழுவினாலோ, மருத்துவரைக் காணாமல் அடுத்த ஓட்டம் கூடாது. அவை பிறைக்குருத்தோ (மெனிஸ்கஸ்) சிலுவைத் தசைநாரோ கிழிந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். அத்தகைய கிழிசல் கண்ட மூட்டு, ஓடினாலும் ஓடாவிட்டாலும், பிற்காலத் தேய்வுக்கு மற்றவற்றைவிட எளிதில் ஆளாகும்.

ஓடுவோரின் பெரும்பாலான காயங்கள் விபத்தால் வருவனவல்ல. கால அளவின் பிழையால் வருவன. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். மூச்சு முந்துகிறது, முட்டி பிந்துகிறது. அக்டோபரில் ஓடத் தொடங்கி சனவரியில் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் புதியவர், இனி மூச்சு வாங்கவில்லை என்று மகிழும் அதே வாரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்வது இதனால்தான்.

காயத்தோடு பயிற்சியைத் தொடர்வோர்க்கு, ஸ்வீடன் நாட்டு ரோலண்ட் தோமே வகுத்த வலியளவை முறை பயன் மிகுந்தது. வலியில்லாமையைச் சுழியம் என்றும் தாங்கவொண்ணா வலியைப் பத்து என்றும் கொண்டால், பயிற்சியின்போது இரண்டு வரை கவலையில்லை. ஐந்து வரை பொறுக்கலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்குத் தணியவேண்டும். தணியாவிடில் சுமை மிகுதி, குறைக்கவேண்டும். அடிகளைச் சுருக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது மற்றொரு வழி: நிமிடத்துக்கு எடுத்துவைக்கும் அடிகளைப் பத்து விழுக்காடு கூட்டினால் முட்டிச்சில்லின்மேல் விழும் உச்ச விசை ஏறத்தாழ 14 விழுக்காடு குறைகிறது. காலணி மாற்றுவதற்குச் செலவிடும் பணத்துக்கு முன் இந்தச் செலவற்ற மாற்றத்தைச் செய்துபார்க்கலாம். தொடைத்தசைக்கும் இடுப்பின் பக்கத் தசைகளுக்கும் வலுவூட்டும் பயிற்சி இன்றியமையாதது.

முட்டி வலித்தால் மெரினா மணலில் ஓடு என்பாரும் உளர். மணல் அதிர்ச்சியைக் குறைக்கும். ஆனால் அதில் ஓட, உறுதியான தரையில் ஓடுவதைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். கெண்டைக்காலும் கணுக்காலும் விரைவில் சோரும். நீர்க்கரையோர ஈரமணல் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் தாழ்ந்தும் ஒரு கால் உயர்ந்தும் ஓடவேண்டி வரும். தார்ச்சாலையின் தட்டையான நடுப்பகுதியே காயமுற்ற முழங்காலுக்கு உகந்தது.

சென்னை மாரத்தானின் முழு ஓட்டம் நேப்பியர் பாலத்தில் விடியலுக்கு முன் தொடங்கி, காமராசர் சாலை வழியே தெற்கே அடையாற்றை நோக்கிச் செல்வது. கடற்கரை நகரத்தில் ஏற்ற இறக்கம் குறைவு. அது முழங்காலுக்கு ஆறுதல். காற்றின் ஈரப்பதமோ சனவரியிலும் வியர்வையை உலரவிடாது. இந்நிலையில் வலிமாத்திரை விழுங்கிவிட்டு ஓடத் தொடங்குவதைப்போல் தீங்கு வேறில்லை. செருமனியின் பான் நகர மாரத்தானில் ஓடியவர்களை ஆராய்ந்து 2013 இல் வெளிவந்த கட்டுரை, ஏறத்தாழப் பாதிப்பேர் ஓடுமுன்பே வலிமாத்திரை எடுத்திருந்ததைக் காட்டியது. வயிற்றுப் பிடிப்பு முதல் குருதிக்கசிவு வரையான தொல்லைகள் அவர்களிடம் பன்மடங்கு மிகுந்திருந்தன. ஒன்பது பேர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைக்கும். நீர் வற்றிய உடலில் இக்குறைவு இடராக முடியும். மூட்டின் அறிவிப்பையும் வாயடைத்துவிட்டுச் சிறுநீரகத்தையும் வருத்துவது இரட்டைத் தவறு.

முழுத் தொலைவு ஒன்றே ஓட்டமன்று. சென்னையில் 32 கிலோமீட்டர் பிரிவும், எலியட்சு கடற்கரையில் தொடங்கும் அரை மாரத்தானும், பத்துக் கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. ஓய்வுக்குப்பின் மீண்டும் தொடங்குவோர்க்கு அதனினும் எளிய அளவுகோல் பெசன்ட் நகர்ப் பகுதியில் இருக்கிறது: 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் தொடங்கிய எட்டுக் கிலோமீட்டர் நலநடைப் பாதை. முதலில் அதை நடந்து முடித்து, மறுநாள் காலை முழங்காலில் வீக்கமும் விறைப்பும் இல்லையா என்று பார்க்கவேண்டும். அவை இரண்டும் இல்லையென்றால், ஒரு நிமிட ஓட்டமும் நான்கு நிமிட நடையுமாக அதே பாதையில் மாற்றி மாற்றிச் சென்று, ஒருநாள் விட்டு ஒருநாள், ஓட்டத்தின் பங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். எந்த அளவில் மறுநாள் மூட்டு புடைக்கிறதோ, அதற்கு முந்தைய அளவே அந்த வாரத்தின் எல்லை.