மலைக்குளிர் வேற, ஊர்ச்சூடு வேற

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியா கல்வராயன் மலை ஏறினா குளிர ஆரம்பிக்கும். "டவுனை விட்டு வந்ததும் சூடு குறைஞ்சிடுச்சு" என்போம். அந்தக் குளிர் பெரும்பாலும் உயரத்தால் வருவது. 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஊர் தன் பங்குக்கு எவ்வளவு சூட்டைக் கூட்டுகிறது என்று தெரியணும்னா, அதே மட்டத்தில் இருக்கும் கரும்பு வயலோடு ஒப்பிடணும். அதுவும் ராத்திரியில.

ஏன் ராத்திரி? கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகல் வெயிலைச் சேர்த்து வைத்து, பொழுது சாய்ந்தபின் மெதுவாக விடும். நெருக்கமான தெருவில் அந்தச் சூடு வானத்துக்குப் போகாமல் எதிர்ச்சுவரில் மோதும். சுமார் 200 ஆண்டுக்கு முன் லூக் ஹோவர்ட் லண்டனில் அளந்தபோதும் வித்தியாசம் ராத்திரியில்தான் அதிகம்.

வயலில் நிலைமை வேற. 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக, கிட்டத்தட்ட முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகும். பயிர் அதை நாள் முழுக்கச் செய்கிறது. டவுனில் மழைத்தண்ணி சாக்கடையில் ஓடிடுது. ஆவியாக்கத் தண்ணி இல்லாததால் வெயில் நேரே சுவரையும் காற்றையும் சுடுது. ஏசியும் வண்டிகளும் கூடவே சூட்டைக் கக்குது.

பகல் வெயிலில் வேலை பார்த்த உடம்பு ராத்திரியில்தான் ஆறணும். மெத்தைவீட்டு மேல்மாடியில் ஏசி இல்லாமல் படுக்கும் முதியவருக்கு அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, தெருவுக்கு மரம் ரெண்டும் உதவும். 2019இல் மாவட்டத் தலைநகரான ஊர் இது. ஒவ்வொரு வயல் பிளாட் ஆகும்போதும் கரண்ட் பில் இல்லாத ஒரு ஏசியை நிறுத்துறோம்.