குழந்தையின் நடத்தைக் கோளாறும் அதன் மறைந்த காரணங்களும்

பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத பையன், ஓரிடத்தில் உட்காராத பெண், அற்பக் காரணத்திற்கும் சினந்து அடுத்த பிள்ளையை அடிக்கும் சிறுவன் ஆகியோரை ஆசிரியர் யாவரும் அறிவர். பிடிவாதம், சோம்பல், வளர்ப்பின் குறை என்று இவர்களைப் பற்றி முடிவு கட்டிவிடுவது எளிது. ஆயினும், அக்குழந்தையின் உடலில் ஏதேனும் குறை உண்டா என்று ஆராய்வதற்கு முன் அத்தகைய முடிவுக்கு வருதல் தகாது.

முதலில் ஆராய வேண்டியது செவி. சளி பிடித்த குழந்தைகளுக்கு நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்வதுண்டு. பெரும்பாலும் வலி இராது, சீழும் வடியாது, கேட்கும் திறன் மட்டும் மந்தமாகும். அதுவும் ஒரு வாரம் குறைந்து, மறு வாரம் சீராகலாம். ஆதலால், “வேண்டியபோது மட்டும் இவன் காதில் விழுகிறது” என்னும் பழி அக்குழந்தையின்மீது சுமத்தப்படுகிறது. கரும்பலகையின் எழுத்துப் புலப்படாத குழந்தையும் இவ்வாறே கவனமற்றதாகத் தோன்றும்.

இரண்டாவது, சோகை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 6 முதல் 59 மாத வயதுக் குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேர் சோகையுற்றிருந்தனர். இரும்புச் சத்து இரத்தத்திற்கு மட்டுமன்றி மூளைக்கும் இன்றியமையாதது. அது குறையுமாயின் அயர்ச்சியும் எரிச்சலும் கவனக் குறைவும் உண்டாகலாம்.

மூன்றாவது, காரீய நஞ்சு. இந்நஞ்சினால் பாதிக்கப்பட்டுக் குணமாகிவிட்டதாகக் கருதப்பட்ட குழந்தைகளை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பையர்ஸ், லார்டு என்னும் இருவர் தொடர்ந்து கவனித்து, 1943இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அக்குழந்தைகளுள் பெரும்பாலோர் பள்ளியில் பின்தங்கினர். அடக்கமின்மையும் அவர்களிடம் காணப்பட்டது. இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000இல் நிறுத்தப்பட்டது. வீட்டு வர்ணங்களில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்னும் விதி 2017இல் நடைமுறைக்கு வந்தது. எனினும், பழைய சுவர்களின் வர்ணத்திலும், பழைய பேட்டரிகளை உடைக்கும் இடங்களின் மண்ணிலும் அது எஞ்சியிருக்கக்கூடும். இரும்புச் சத்துக் குறைந்த உடல் காரீயத்தை மிகுதியாக ஏற்கும் என்பது கருதத்தக்கது.

எல்லாக் காரணங்களும் இவ்வகையினவல்ல. மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு, உறக்கக் குறைவு, பசி, வீட்டில் அச்சம், நெருங்கியவரின் மரணம் ஆகியவையும் நடத்தையை மாற்றும். ஒரே குழந்தையிடம் பல காரணங்கள் கூடியிருத்தலும் உண்டு.

நோயைத் தீர்மானிப்பது ஆசிரியரின் வேலையன்று. கவனிப்பதே அவர் வேலை. கோளாறு எந்த நேரத்தில், எதன் பின் தோன்றுகிறது என்பதை இரண்டு வாரம் குறித்து வருதல் நலம். குழந்தையின் முதுகுப்புறம் நின்று மெல்லிய குரலில் அழைத்துப் பார்க்கலாம். முன் வரிசையில் அமர்த்தியும் பார்க்கலாம். வீடுகளுக்குச் செல்லும் களப்பணியாளர், குழந்தை குறட்டை விடுகிறதா, மண்ணோ சுவர்ப்பொருக்கோ தின்கிறதா, பெற்றோரின் தொழில் யாது என்று வினவுதல் வேண்டும். இக்குறிப்புகளை, 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தின் மருத்துவக் குழுவினர் பள்ளிக்கோ அங்கன்வாடிக்கோ வரும்போது காட்டுதல் வேண்டும்.

பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. அடியினால் மந்தமான செவி கேட்கத் தொடங்காது, சோகையும் நீங்காது. தக்க காலத்தில் காரணம் கண்டறியப்படின், அக்குழந்தையின் கல்வி பாழாகாமல் காக்க இயலும்.