ஒதுங்கினாரா, ஒதுக்கினோமா?

தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை மாணவருக்குக் கற்பிக்கும்போது யான் பெரும்பாலும் எடுத்துக்காட்டுவன 'ஒதுங்கினான்', 'ஒதுக்கினான்' என்னும் இரு சொற்களே. மெல்லெழுத்தொன்று வல்லெழுத்தாகத் திரிகிறது, பொருளோ தலைகீழாகிவிடுகிறது. ஒதுங்கினவன் தானே விலகிச் சென்றவன். ஒதுக்கினவன் மற்றொருவனை விலக்கி வைத்தவன். விலகினான் - விலக்கினான், நீங்கினான் - நீக்கினான், வெளியேறினான் - வெளியேற்றினான் என இவ்வரிசை நீளும்.

மாணவர் இதனை ஒரு பாடவேளையிற் கற்றுக்கொள்வர். நமது சமூகம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவரை ஒதுக்கி வைத்துவிட்டு, "அவர் ஒதுங்கி இருக்கிறார்" என்று பேசும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. பிறவினையைச் செய்துவிட்டுத் தன்வினையாற் கூறுகிறோம். இது வாய் தவறி வந்த வழு அன்று; செய்தவர் பெயரை மறைக்கும் உபாயம்.

ஒதுங்குதல் யாவும் இழிவென்பது என் கருத்தன்று. துறவியர் உலகப் பற்றை விட்டு ஒதுங்கினர். புலவர் பலர் அரசவையை விட்டு ஒதுங்கினர். தம் விருப்பத்தால் விலகியோரை இலக்கியம் போற்றுவது முறையே. ஆனால் விலகுவதைத் தவிர வேறு வழியில்லாதவரையும் அதே சொல்லாற் குறிப்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்வினாவோடு பெரியபுராணத்துத் திருநாளைப்போவாரை நோக்குதல் தகும். ஆதனூரிற் பிறந்த அவ்வடியார் கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் கொடுத்துத் திருத்தொண்டு செய்தவர். திருப்புன்கூரில் வாயிலுக்கு அப்பால் நின்றபடியே இறைவனைக் காண விழைகின்றார், நந்தி விலகுகிறது. தில்லைக்குச் சென்றபோதும் எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகின்றாரேயன்றி உள்ளே புகவில்லை. இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சேக்கிழார் சொல்லும் வரலாற்றில் நந்தனாரை எவரும் வழிமறித்து நிற்கவில்லை; எவரும் கடுஞ்சொற் கூறவில்லை. தம் பிறப்பை எண்ணித் தாமே தயங்கி நிற்கின்றார். இலக்கண நோக்கில் அது தன்வினை.

ஆயினும் சேக்கிழார் ஓர் ஆழ்ந்த உண்மையை நமக்குக் காட்டிவிட்டார் என்றே யான் கொள்கிறேன். தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு இறுதியிற் காவலாளி வேண்டுவதில்லை. மதில் அவர் நெஞ்சினுள்ளேயே எழுந்துவிடுகிறது. நெடுநாட் செய்த பிறவினை தன்வினையாகத் தோற்றும் நிலை அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடியபோது, சேக்கிழார் சொல்லாத பாத்திரம் ஒன்றைப் புகுத்தினார். நந்தனார் தில்லைக்குச் செல்ல விடை தர மறுக்கும் நிலக்கிழாராகிய வேதியர் அவர். மூலத்தில் இல்லாததை எழுதலாமோ என்று குறை கூறியோர் உளர். மூலத்தைப் பேணுதல் பண்டிதர்க்குக் கடனே. எனினும் பாரதியார் செய்தது யாது? எழுவாய் இல்லாதிருந்த வாக்கியத்துக்கு எழுவாயைத் தேடிக் கொடுத்தார். தயங்கி நின்ற ஒருவரின் கதை, தடுத்த ஒருவரின் கதையாகவும் ஆயிற்று. கேட்டோர் நெஞ்சில் அது தைத்ததற்கு இசை மட்டும் காரணமன்று.

நம் யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் புராணபடனம் செய்து பயன் சொல்லுதல் பழைய மரபு. திருநாளைப்போவார் வரலாற்றைக் கேட்டு உள்ளிருந்தோர் கண்ணீர் வடித்த கோயில்கள் பலவற்றில், வெளிவீதியில் நின்ற மக்கள் உள்ளே வர இயலாதிருந்தனர். காரணம் கேட்டால், "அவர்கள் வழமையாக உள்ளே வருவதில்லை" என்பதே விடை. மீண்டும் தன்வினை!

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இவ்வாக்கியத்தைத் திருப்பி எழுதியது. சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பவர் குற்றவாளி என்றது. அஃதாவது, வராதவரை விட்டு, வரவிடாதவரைப் பற்றிக் கேட்டது. சட்டம் வந்ததும் வழக்கம் ஒழிந்துவிடவில்லை. தேநீர்க் கடைகளில் வேறு குவளை வைக்கும் வழக்கத்தை எதிர்த்தும், கோயில் வாயில்கள் திறக்க வேண்டியும் 1966ஆம் ஆண்டின் பின் கிளர்ச்சிகள் வலுத்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் அமர்ந்தபோது, ஊர் முழுவதும் ஒன்றைக் கண்டது: அவர்கள் உள்ளே வர விரும்பாதவர்கள் அல்லர்; தடுக்கப்பட்டவர்கள்.

இலக்கியமும் அக்காலத்தில் எழுவாயை மாற்றியது. டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்', 1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' ஆகியவற்றில் ஒதுக்கப்பட்டோர் பிறர் இரக்கத்துக்குரிய பொருளாக மட்டும் நிற்கவில்லை. தாமே பேசினர், வினை செய்தனர். அத்தகைய எழுத்துக்களை 'இழிசனர் இலக்கியம்' என்று தள்ளிய குரல் 1960களிற் கற்றோரிடையே எழுந்ததும் வரலாறு. தீண்டாமை சொல்லையும் விட்டு வைக்கவில்லை.

சாதியோடு இப்பழக்கம் நின்றுவிடுகிறதா? கலியாண வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவனை இழந்த தாய் தன் மகளின் மணவறைக்குச் சற்றுத் தூரத்தில், தூணோரமாக நிற்கின்றாள். ஆலாத்தி எடுக்க அவளை எவரும் அழைப்பதில்லை. கேட்டால், "அவ தானாகவே முன்னுக்கு வரமாட்டா" என்பர். பெற்று வளர்த்தவள் தன் பிள்ளையின் நன்னாளில் தூணுக்குப் பின் நிற்பது தன் விருப்பத்தாலா?

வகுப்பறையிலும் இதுவே. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனின் முன்னேற்ற அறிக்கையில், "தனித்திருக்கும் இயல்புடையவன்" என எழுதியிருக்கக் கண்டேன். இடைவேளையில் அவ்வகுப்பைச் சில நாள் கவனித்தேன். அவன் அருகே சென்று அமர்ந்தால் மற்றையோர் எழுந்து போயினர்; பந்து அவன் பக்கம் உருண்டால் எடுத்துக் கொடுக்கவும் விடவில்லை. அவன் தந்தையின் தொழிலைச் சொல்லியே அவனுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தனர். தனித்திருத்தல் அவன் இயல்பன்று. அவ்வகுப்பு நாள்தோறும் செய்த வேலை. அவ்வறிக்கையின் ஒரு சொல் வேறாக எழுதப்பட்டிருப்பின், விசாரணை அவனை விட்டு வகுப்பின் பக்கம் திரும்பியிருக்கும்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் நேர்மையாகாது. "தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் வெளியேறினார்கள்" என்று நம்மவர் பலர் இயல்பாகச் சொல்லக் கேட்கிறேன். வெளியேறவில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். 70,000க்கும் மேற்பட்டோர் வீட்டையும் நிலத்தையும் தொழிலையும் விட்டுச் சென்றனர். யாழ்ப்பாண நகரில் இருந்தோருக்குக் கிடைத்தது சில மணி நேர அவகாசமே. புத்தளத்து முகாம்களிற் பிறந்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றுவிட்டனர். அயலவர் பலர் அன்று மனம் நொந்தனர் என்பதும், வாய் திறக்க அஞ்சினர் என்பதும் உண்மையே. அன்று அச்சம் நாவைக் கட்டியது. இன்று அச்சொல்லில் ஓர் எழுத்தைத் திருத்திச் சொல்வதற்குத் தடை யாது?

நாம் பட்ட துன்பங்களைச் சொல்லும்போது, 'இடம்பெயர்க்கப்பட்டோம்', 'எரிக்கப்பட்டது' என்று செயப்பாட்டு வினையைத் தவறாமற் பயன்படுத்துகிறோம். செய்தவர் யார் என்பதையும் 'ஆல்' உருபு சேர்த்துச் சொல்கிறோம். அது நமது உரிமை. அதே இலக்கணத்தைப் பிறர் துன்பத்துக்கும் வழங்குதல் நமது கடமை. நமக்கொரு வினை, அயலவருக்கொரு வினை என்று எந்த நூலும் விதிக்கவில்லை.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் யான் வேண்டுவது இதுவே. கதையிலோ, செய்தியிலோ, ஊர்ப்பேச்சிலோ ஒருவர் 'ஒதுங்கினார்', 'விலகினார்', 'வருவதில்லை' என்று கண்டால், அவ்விடத்திற் சிறிது நில்லுங்கள். அவர் செல்ல விரும்பினாரா, அல்லாவிடின் அவரை அனுப்பியவர் யாவர் என்று கேளுங்கள். விடை சில வேளை நம் வீட்டுப் படலை வரைக்கும் வந்து நிற்கும். வந்தால், அவ்வெழுவாயை எழுதத் தயங்க வேண்டாம்.